நன்கொடையா? குறியெதிர்ப்பையா?

இல்லாதவர்க்குக் கொடுப்பதுதான் கொடை. பிறர்க்குக் கொடுப்பதெல்லாம் திருப்பிப் பெறும் நோக்கத்தோடு தருவதே என்பது திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்தில் வகுத்த வரையறை. அளவு குறித்துத் தந்து, அவ்வளவே திரும்பப் பெறுவதைக் ‘குறியெதிர்ப்பை’ என்பார் அவர். வணிக நிறுவனங்கள் அரசியற் கட்சிகளுக்குத் தரும் பணத்தை ‘நன்கொடை’ என வழங்குதல் பொருந்துமா?

இந்தியச் சட்ட வரலாறு இதற்கு விடை கூறும். 1969இல் நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் தருவது தடுக்கப்பட்டது. பணம் நிற்கவில்லை; கணக்கில் வராமல் மறைவழியிற் சென்றது. 1985இல் தடை நீங்கி, மூவாண்டுச் சராசரி இலாபத்தில் 5 விழுக்காடு என வரம்பு வந்தது. 2013இல் அது 7.5 ஆயிற்று. 2017இல் வரம்பே அகற்றப்பட்டது. நட்டப்பட்ட நிறுவனமும் வாரி வழங்கலாம் என்றாயிற்று. எக்கட்சிக்கு என்று கணக்கிற் காட்ட வேண்டாதாயிற்று. 2018இல் வந்த தேர்தல் பத்திரம் கொடுத்தவர் பெயரையும் வாக்காளர்க்கு மறைத்தது.

அயல்நாட்டுப் பணத்தின் கதையும் இத்தகையதே. பாரதிய ஜனதா, காங்கிரசு ஆகிய இரு கட்சிகளும் அத்தகைய பணத்தைப் பெற்றுச் சட்டத்தை மீறின என்று 2014இல் டில்லி உயர் நீதிமன்றம் கண்டது. பின்னர் 2016இலும் 2018இலும் ‘அயல்நாட்டு மூலம்’ என்பதன் வரையறை தளர்த்தப்பட்டது. அத்தளர்வு 1976 முதற்கொண்டே செல்லும் எனவும் விதிக்கப்பட்டது. குற்றம் திருந்தவில்லை, அகராதி திருத்தப்பட்டது.

ஒரு கட்சிக்குக் கொடுத்தவரை மற்றொரு கட்சி பழிவாங்கும். ஆதலின் மறைவு வேண்டும் என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் பத்திரத்தை விற்றது அரசுடைமையான பாரத ஸ்டேட் வங்கி. வாங்கியவர் பெயர் அதன் ஏட்டில் இருந்தது. ஆள்வோர் அறிய வழியுள்ள செய்தியை வாக்காளர் மட்டும் அறியலாகாது என்பது காப்பு ஆகுமா?

2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகப் பத்திரத் திட்டமும் வரம்பு நீக்கமும் செல்லா என்றனர். நிறுவனங்கள் தருவது கைம்மாறு கருதிய வணிகமே என்று தீர்ப்புச் சுட்டியது. வள்ளுவர் கண்ட வேறுபாடும் அதுவே அன்றோ! அயல்நாட்டுப் பணம் பற்றிய தளர்வையோ அத்தீர்ப்புத் தொடவில்லை.

கைம்மாறு கருதும் பணத்தைக் கொடையெனப் போற்றவும் வேண்டா. ஒரு தடையால் ஒழிந்துவிடும் என நம்பவும் வேண்டா. தந்தவர், பெற்றவர், தொகை ஆகிய மூன்றும் வாக்களிக்குமுன் ஊரறிய வெளிவரல் வேண்டும். குறியெதிர்ப்பைக்கு அளவு உண்டு. அவ்வளவை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு.