நந்தினியின் வீழ்ச்சி: திரையும் கல்லும்

பெரும் புதினம் ஒன்றைத் திரைக்குக் கொணர்வது எளிய செயலன்று. கல்கி அவர்களின் ‘பொன்னியின் செல்வன்’ 1950-ஆம் ஆண்டு தொடங்கி 1954 வரை வார இதழில் தொடர்ந்து வெளிவந்து, ஐந்து பாகங்களாக நிறைந்தது. அதனை மணிரத்னம் இரு பகுதிகளாகச் சுருக்கி, 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் திரைக்குக் கொண்டுவந்தார். அப்படத்தின் போர்க்களங்களையும் அரண்மனைகளையும் இசையையும் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். இக்கட்டுரை ஒருத்தியைப் பற்றி மட்டுமே பேச விழைகிறது. அவள் பழுவூர் இளையராணி நந்தினி.

கதையின் அச்சாணி நந்தினியே என்பதில் ஐயமில்லை. கோயிலை அண்டி வளர்ந்த பெண்; இளவரசன் ஆதித்த கரிகாலனின் அன்புக்கு உரியவள்; அரச குலத்தாரால் விலக்கப்பட்டவள். பின்னர் அவள் கண்முன்னரே, அவள் மன்றாடியும் கேளாது, வீரபாண்டியனின் தலையைக் கரிகாலன் கொய்கிறான். அன்றைய நந்தினி இறந்து, பழிவாங்கும் நந்தினி பிறக்கிறாள். முதுமையை எய்திய பெரிய பழுவேட்டரையரை மணந்து, சோழப் பேரரசின் நெஞ்சுக்குள்ளேயே வந்து அமர்கிறாள்.

இங்கே நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. நந்தினிக்கு இருந்த அதிகாரம் யாது? கணவர் சோழநாட்டின் தனாதிகாரி; பொக்கிஷம் அவர் கையில். கணவரின் தம்பி தஞ்சைக் கோட்டையின் காவலர். அவளுக்கென்று படையில்லை, நிலமில்லை, பிறந்த குலத்தின் பெயருமில்லை. அவளிடம் இருப்பவை ஒரு மூடுபல்லக்கும் ஒரு முத்திரை மோதிரமும் மட்டுமே. அந்தப் பல்லக்கிலும் சில வேளை அவள் இருப்பதில்லை. அவள் பெயரால் மதுராந்தகன் மறைந்து செல்கிறான். அரியணைக்குப் போட்டியிடும் ஆடவனைச் சுமக்க ஒரு பெண்ணின் திரைச்சீலை பயன்படுகிறது. இரவல் அதிகாரத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. படத்தின் முதற் பகுதி இதனை நன்கு உணர்ந்திருக்கிறது. ஐஸ்வர்யா ராய் தாழ்ந்த குரலிலும் அசையாத பார்வையிலும் அந்த இரவலின் பெருமிதத்தையும் அச்சத்தையும் ஒருங்கே காட்டியிருக்கிறார். குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் வேறுபாடு விளங்குகிறது. குந்தவையின் அதிகாரம் பிறப்பால் வந்தது. அவள் அதை நினைத்துப் பார்க்கவும் வேண்டியதில்லை. நந்தினியோ ஒவ்வொரு கணமும் அதைக் காத்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பகுதியில்தான் நம் மனக்குறை தொடங்குகிறது. இளம்பருவக் காதலோடு படம் தொடங்குகிறது. அந்தக் காட்சிகள் அழகியவை, பேச்சுக் குறைந்தவை, நெஞ்சில் நிற்பவை. ஆயினும் அவற்றின் விளைவாக நந்தினியின் கதை முழுவதும் காதற் கதையாக மாறிவிடுகிறது. கடம்பூர் மாளிகையின் அந்த இரவில் கரிகாலன் சாவை நாடியே வருகிறான். தன் முடிவைத் தானே அவள் கையில் ஒப்படைக்கிறான். பார்ப்போர் இருவருக்காகவும் இரங்குகின்றனர். இவ்விரக்கத்தைத் தோற்றுவித்தது இயக்குநரின் வெற்றி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. இத்தனை ஆண்டுகள் காத்திருந்து அவள் முடித்த சபதம், இறுதியில் அவள் செயலாகவே நிற்கவில்லை. பழியும் அவளுக்கு முழுமையாக இல்லை, வெற்றியும் இல்லை.

கல்கி வேறு வழியை மேற்கொண்டார். விளக்கணைந்த அறையில் கரிகாலன் விழுகிறான். கொன்றவர் யார் என்பதை அவர் திட்டமாகச் சொல்லவில்லை. நந்தினியோ கடம்பூரை விட்டு உயிரோடு வெளியேறுகிறாள். தோற்ற நாட்டின் சார்பில் அவள் நிற்கும் நிலை நாவலில் மாறுவதே இல்லை. திருப்புறம்பயம் பள்ளிப்படையில் பாண்டியச் சிறுவனுக்கு முடிசூட்டும் இரவில், அவள் காதலியாக நிற்கவில்லை. ஓர் அரசின் எச்சமாக நிற்கிறாள்.

நந்தினி கற்பனைப் பாத்திரம் என்பதை அன்பர்கள் அறிவர். கரிகாலன் கொலை கற்பனையன்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு அதற்குச் சான்று. அது முதலாம் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. சோமன், அவன் தம்பி ரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோர் துரோகிகள் என்று அதில் குறிக்கப்பெற்றுள்ளனர். பட்டப் பெயர்களே அவர்கள் அரசு உயர் அலுவலர்கள் என்பதைக் காட்டும். ஆயினும் அக்கல்வெட்டு கொலையை விவரிக்க எழுந்ததன்று. பறிமுதலான நிலங்களை விற்றது பற்றிய ஆவணம் அது.

நான் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். நாள்தோறும் கோப்புகளோடு பழகியவன். அக்கல்வெட்டின் வாசகத்தைப் படித்தபோது எனக்கு அது பழக்கப்பட்ட நடையாகவே தோன்றியது. யார் யார் உடைமை, எவ்வெவ்வுறவினர் வரை, எந்த ஆணையின்படி என்று ஒன்றும் விடாமல் எழுதும் நடை அது. குற்றவாளிகளோடு அது நிற்கவில்லை. உடன்பிறந்தார், மக்கள், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொண்டார், பெண் கொடுத்தார் என உறவு முழுவதையும் வளைத்துப் பிடிக்கிறது. அந்த வரிசையில் ரேவதாச கிரமவித்தன் என்பவன் பெயரும், அவன் மகனும், அவன் தாய் பெரியநங்கைச்சாணியும் வருகின்றனர்.

இந்தப் பெயரில் என் கண் நின்றுவிட்டது. அவள் ராணியல்லள், சதி செய்தவள் என்று கல் சொல்லவுமில்லை. அவள் ஒருவனுக்குத் தாய். அவ்வளவே. அந்த உறவின் பேரில் அவள் நிலம் போயிற்று. கரிகாலன் கொலையால் வீழ்ந்த பெண் என்று நாம் உறுதியாகப் பெயர் சொல்லத்தக்கவள் இவள். தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் குந்தவை அளித்த கொடைகள் எழுதப்பெற்றிருக்கின்றன. செம்பியன் மாதேவி செங்கற்றளிகளைக் கற்றளிகளாக்கிய செய்தியும் கல்லில் நிற்கிறது. வீழ்ந்தவளின் பெயரோ விற்பனை ஆவணத்தில் ஓர் ஓரமாக வந்து போகிறது. கல்கி இந்த ஓரத்தில்தான் ஒரு பெண்ணை எழுப்பி, அவளுக்கு அழகும் சினமும் வாளும் கொடுத்தார் எனலாம். திரைப்படம் அவளுக்கு அழகை மிகுதியாக அளித்து, சினத்தைக் குறைத்துவிட்டது.

விழிஞ்ஞத்தில் வாழும் நமக்கு இது வெறும் திரைச்செய்தியன்று. இவ்வூர் ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியன் நெடுஞ்சடையன் இதன் கோட்டையை அழித்ததை அவன் செப்பேடு கூறும். பின்னர் சோழர் வந்தனர். திருவாலங்காட்டுச் செப்பேடு, ராஜராஜன் பாண்டியன் அமரபுயங்கனைப் பிடித்த செய்தியைக் கூறி, கடலையே அகழியாகக் கொண்ட விழிஞ்ஞத்தை அவன் தண்டநாயகன் கைப்பற்றியதை அடுத்துச் சொல்கிறது. கல்கியின் நாவலில் நந்தினி முடிசூட்டும் சிறுவனுக்கும் அமரபுயங்கன் என்பதே பெயர். ஆகவே அவள் யாருக்காக நின்றாளோ அவனுடைய தோல்வியும் நம் ஊரின் தோல்வியும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. சோழர் கொடியைத் திரையில் கண்டு தஞ்சையில் ஒருவர் கைதட்டலாம். விழிஞ்ஞத்துத் தமிழன் கைதட்டும்போது ஒரு கணமேனும் தயங்க வேண்டும். தமிழ் நமக்குப் பொது. வெற்றி அவ்வாறு பொதுவாக இருந்ததில்லை.

2025 மே 2-ஆம் நாள் இங்கே புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு அண்மையிலேயே, எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் சிறிய குடைவரை இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் சிற்பங்கள் முற்றுப்பெறாமல் நிற்கின்றன. அங்கே நின்றபோது நந்தினியின் நினைவே எனக்கு வந்தது. திரையில் அவளும் முற்றுப்பெறாத சிற்பமாகவே நிற்கிறாள். முகம் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டுள்ளது. கைகள் இன்னும் கல்லிலிருந்து விடுபடவில்லை.

இவ்வாறு கூறுவது படத்தைக் குறைத்து மதிப்பதற்காக அன்று. இரு பகுதிகளையும் அன்பர்கள் மீண்டும் பார்த்தல் வேண்டும். பார்த்தபின் உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தையும் ஒருமுறை படித்தல் வேண்டும். வருங்காலத்தில் இக்கதையை எடுத்தாளும் வேறோர் இயக்குநர், நந்தினியின் சபதத்தை அவளிடமே விட்டுவைப்பார் என்றும், பெரியநங்கைச்சாணிக்கும் ஒரு காட்சி தருவார் என்றும் நம்புவோமாக.