இரண்டாம் முறை ஒலிக்கும் பாட்டு

1991 நவம்பர் 5, தீபாவளி. ‘தளபதி’யும் ‘குணா’வும் அன்று ஒன்றாக வெளியாயின. இரண்டுக்கும் இசை இளையராஜா, இரண்டுக்கும் பாட்டு வாலி. ‘தளபதி’யில் ஷோபனா பாடுவதாக வரும் ‘யமுனை ஆற்றிலே’ இரண்டு நிமிடம்கூட நீளாது. காது ருசி காண்பதற்குள் தீர்ந்துவிடும். ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாதி பேச்சு, பாதி பாட்டு. நாயகன் சொல்லச் சொல்ல நாயகி எழுதும் கடிதம். அந்தத் தீபாவளிக்கு ‘தளபதி’ ஓடிய ஓட்டம் ‘குணா’வுக்கு வாய்க்கவில்லை. ஆனால் பாட்டுகளின் ஆயுள் கணக்கு வேறு. ஒன்று ஏறத்தாழ 27 ஆண்டு கழித்தும் மற்றது 32 ஆண்டு கழித்தும் வேறு படங்களுக்குள் மறுபடி நுழைந்தன. ‘96’ முதலாவதைக் கூட்டி வந்தது, ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ இரண்டாவதை. திரையரங்கில் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

இப்படிப் பழைய பாட்டு புதிய காட்சிக்குள் வருவது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது. சில இடங்களில் அது உயிரை உலுக்குகிறது. பல இடங்களில் கல்யாண மண்டபத்து வாசலில் தெளிக்கும் பன்னீர் போல மணத்து, பந்திக்கு உட்காருவதற்குள் காய்ந்துவிடுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் சில படங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

அமெரிக்கப் படங்களிலும் இந்த உத்தி உண்டு. 1973-இல் வந்த ஜார்ஜ் லூகாஸின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யும் மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’ படமும் ஊரே கேட்டிருந்த பாட்டுகளை வைத்து ஓடியவை. ஆனால் அந்தப் பாட்டுகள் வானொலியிலும் இசைத்தட்டிலும் பிறந்தவை. அவற்றுக்கு முகம் கிடையாது. நமக்கோ ஜனங்களின் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு. இலங்கை வானொலியில் கேட்டாலும், திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டாலும், அதற்கு ஒரு படம் உண்டு, ஒரு கதாநாயகன் உண்டு. ஆகவே தமிழ்ப் பாட்டு இன்னொரு படத்துக்குள் வரும்போது தனியாக வருவதில்லை. பழைய காட்சியும் பழைய முகமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இயக்குநர் இந்த விருந்தாளிகளை என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அவர்களை விரட்டத்தான் பார்த்தார்கள். ரீமிக்ஸ் காலம் அது. ‘அடுத்த வாரிசு’ படத்தின் ‘ஆசை நூறு வகை’யை 2003-இல் ‘குறும்பு’ படத்துக்காக யுவன் சங்கர் ராஜா புது வேகத்தில் போட்டார். அடுத்த ஆண்டு ‘நியூ’ படத்தில் ‘தொட்டால் பூ மலரும்’ வந்தது. அதில் ஏ.ஆர். ரஹ்மான் வாலியின் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டையே மாற்றிவிட்டார். 2007-இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ‘பொன்மகள் வந்தாள்’. துணிச்சலான வேலைகள், சில நன்றாகவும் இருந்தன. ஆனாலும் பழைய வீட்டை இடித்துக் கட்டி அதே கதவு எண்ணைத் தொங்கவிட்ட மாதிரிதான். பாட்டின் தூசியும், ஒலிநாடாவின் இரைச்சலும், பாடியவரின் மூச்சும் போய்விடும். நினைவு ஒட்டிக்கொண்டிருப்பது அவற்றில்தானே.

2008-இல் சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ வந்தபோது கணக்கு மாறியது. கதை 1980-இன் மதுரை. ‘கல்லுக்குள் ஈரம்’ வந்ததும் அந்த ஆண்டுதான். அதன் ‘சிறு பொன்மணி அசையும்’ பாட்டைச் சசிகுமார் அப்படியே வைத்தார். மெட்டில் கை வைக்கவில்லை, புதுக் குரல் போடவில்லை. ஜெய்யும் சுவாதியும் பேசிக்கொள்வதே இல்லை. பார்வை, ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். பேச்சு செய்ய வேண்டிய வேலையைப் பாட்டு எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்து இளைஞனுக்குக் காதலிக்கக் கற்றுக்கொடுத்ததே இந்த மாதிரிப் பாட்டுதான் என்பதைப் படம் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தத் தலையாட்டலே சொல்லிவிடுகிறது. படத்தின் இசையமைப்பாளர் ஜேம்ஸ் வசந்தனின் ‘கண்கள் இரண்டால்’ ஊரையே சுற்றியது. அதே படத்தில் இளையராஜாவின் பழைய பாட்டும் தனக்கென்று ஓரிடம் பிடித்தது. இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்கவில்லை.

இன்னொரு வழியைக் காட்டியவர் மலையாள இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி. ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ 2022-இல் கேரளத் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் பேருந்திலிருந்து இறங்கிய ஜேம்ஸ், ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்துபோய், காணாமல்போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறான். பின்னணி இசை என்று தனியாக எதுவும் இல்லாத இந்தப் படத்தில் பழைய தமிழ்ப் பாட்டும் பழைய பட வசனமும் எங்கிருந்தோ ஓடிக்கொண்டே இருக்கின்றன: டீக்கடையில், பக்கத்து வீட்டில், கண் தெரியாத தாய் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியில். யாரும் அந்தப் பாட்டுகளைக் கேட்பதாகத் தெரியவில்லை, ஆனால் யார் காதிலும் விழாமலும் இல்லை. நம் ஊரில் மத்தியான வெயிலுக்கு ஒரு சத்தம் உண்டு என்றால் அது இதுதான். தமிழர் எவரும் இவ்வளவு துல்லியமாக அதைப் பிடித்துவைக்கவில்லை என்று சொன்னால் நம்மவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. உள்ளே இருப்பவன் காதுக்குப் பழகிப்போன ஒலி, வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் தனியாகக் கேட்டிருக்கிறது.

இனி ‘யமுனை ஆற்றிலே’. சி. பிரேம்குமாரின் ‘96’ படத்தில் ஜானு, எஸ். ஜானகியின் பெயரைத் தாங்கியவள், தஞ்சாவூர்ப் பள்ளியில் பாட்டுக்காரி. கூடப் படிக்கும் ராம் இந்த ஒரு பாட்டைத்தான் கேட்கிறான். அவள் வேண்டுமென்றே பாடுவதில்லை. வேறு பாட்டுகள் எல்லாம் பாடுகிறாள். படம் நமக்கும் அதே பட்டினியைப் போடுகிறது. இரண்டு மணி நேரம் அந்தப் பாட்டு வருமா, வராதா என்று காக்க வைக்கிறது. 22 ஆண்டு கழித்து, அவன் வீட்டில், மின்சாரம் போன நேரத்தில், எந்த வாத்தியமும் இல்லாமல் அவள் ஆரம்பிக்கிறாள். விளக்கைத் தேடி ராம் இருட்டில் முட்டி மோதிக்கொண்டு ஓடிவருகிறான். அவனுக்கு அவளைப் பார்க்க வேண்டும். பாடுகிற முகத்தைப் பார்க்கத்தான் அவன் இத்தனை வருஷம் காத்திருந்தான்.

இந்தக் காட்சியில் சத்தமில்லாமல் பல சங்கதிகள் நடக்கின்றன. பாட்டு கிருஷ்ணன் வராமல் ராதை காத்திருப்பதைப் பற்றியது. இங்கே காத்திருந்தவன் ஆண். ‘தளபதி’யில் சட்டென்று முடிந்துபோன பாட்டு, அதனால் நம் மனதிலும் முடியாமல் நின்ற பாட்டு, இவர்கள் காதலும் அப்படித்தான். மூலப் பாட்டின் குறுகிய நீளத்தையே பிரேம்குமார் கதையாக்கிவிட்டார். ஜானுவாக நடித்த த்ரிஷாவுக்காகச் சின்மயி பாடியிருக்கிறார். கச்சேரிக் குரலை ஒதுக்கிவைத்து, வீட்டுக்குள் ஒரு பெண் பாடுகிற அளவுக்குக் குரலை இறக்கியிருக்கிறார். ஒலிநாடாவைப் போடாமல் ஒரு தொண்டையிலிருந்து வரவழைத்ததில் இருக்கிறது அந்தக் காட்சியின் வெற்றி. படத்தின் இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா அந்த இடத்தில் கைகட்டி நின்றதற்கும் ஒரு சபாஷ்.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ இதற்கு நேர் எதிர். சிதம்பரம் இயக்கிய இந்த மலையாளப் படம் 2024 பிப்ரவரியில் வந்து 200 கோடிக்கு மேல் வசூலித்தது. 2006-இல் கொடைக்கானலில் நடந்த நிஜச் சம்பவம்தான் கதை. சைத்தானின் சமையலறை என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த குகைகள் ‘குணா’ படப்பிடிப்புக்குப் பிறகு குணா குகை ஆயின. அதாவது நண்பர்கள் அங்கே போவதற்கே ஒரு சினிமாதான் காரணம். அவர்களில் ஒருவன் பாழுங்குழிக்குள் விழுகிறான். இன்னொருவன் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறான். அவனைக் கட்டித் தூக்கிக்கொண்டு மேலே வரும்போது, அதுவரை ஊர்சுற்றிகளின் கேலிப் பாட்டாக இருந்த ‘கண்மணி அன்போடு’ திரையரங்கு முழுக்க எழுகிறது.

‘குணா’வில் அது மனம் பிறழ்ந்த ஒருவனின் காதல். தன் அன்பு சாதாரண மனுஷர் புத்திக்கு எட்டாதது என்று அவன் சொல்லும்போது நமக்குப் பாவமாக இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். அதே சொற்கள் குழியிலிருந்து மேலே வரும் இரண்டு ஆண்களின் மேல் விழும்போது பிறழ்வு எல்லாம் உதிர்ந்துபோய், நேர்ப்பொருள் மட்டும் நிற்கிறது. நட்புக்காக வாலி எழுதியது போலவே ஆகிவிட்டது. இனி ‘குணா’வைப் பார்த்தாலும் அந்தக் குழியும் சேற்று முகமும் நினைவுக்கு வராமல் போகாது. கடன் வாங்கிய பாட்டைச் சிதம்பரம் வட்டியோடு திருப்பியிருக்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது மாரி செல்வராஜின் ‘வாழை’தான். அதுவும் 2024. அதில் வரும் பாட்டோ பெரிய கௌரவம் எதுவும் இல்லாதது. ‘எட்டுப்பட்டி ராசா’ (1997) படத்தில் தேவா போட்ட ‘பஞ்சு மிட்டாய்’. ஊர்த் திருவிழாவில் ரெக்கார்டு டான்ஸுக்கு ஆடிய பாட்டு. இசை விமர்சகர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்க மாட்டார்கள். தாமிரபரணிக் கரையின் வாழைக்காட்டுக் கிராமத்தில், விடுமுறை வந்தால் தார் சுமந்தே தீர வேண்டிய சிறுவன் சிவனைந்தான். பள்ளியில் பூங்கொடி டீச்சர் இந்தப் பாட்டுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறார். அவனுக்கு டீச்சர் மேல் உயிர். வாழைத்தாரின் பாரம் இல்லாமல் அந்த உடம்பு அசைகிற ஒரே நேரம் அந்த ஆட்டம்தான்.

ஒருநாள் அவன் சுமக்கப் போகாமல் ஆட்டம் பழகப் போகிறான். சுமக்கப் போன அக்காவும் ஊர்க்காரர்களும் வந்த லாரி கவிழ்கிறது. அவன் உயிர் பிழைத்தது அந்தப் பாட்டால். இதைப் படம் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. சோகக் காட்சியில் அந்த மெட்டைப் புல்லாங்குழலில் வாசித்து நம்மை அழவைக்கும் மலிவு வேலையும் இல்லை. வீட்டுக்கு வந்து, ரோட்டில் எங்கேயாவது டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடும்போதுதான் உறைக்கிறது: இந்தப் பையன் வளர்ந்து பெரியவனானால் இதை எப்படிக் கேட்பான்? குத்துப் பாட்டு என்று ஒதுக்கிய ஒன்று, ஒரு பிள்ளையின் ஆயுட்காலக் குற்ற உணர்ச்சி ஆகிவிட்டது. தேவாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த மேடையும் செய்ததில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ‘லப்பர் பந்து’. தமிழரசன் பச்சமுத்துவின் படம். அட்டகத்தி தினேஷ் நடித்த கெத்து என்ற ஆட்டக்காரர் மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினால் மைதானத்து ஸ்பீக்கரில் ‘பொன்மனச் செல்வன்’ (1989) படத்தின் ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’. முதலில் சிரிப்பு, இரண்டாம் முறை விசில். அந்தப் பாட்டின் நாயகன் விஜயகாந்த் காலமாகி ஒன்பது மாதம்கூட ஆகாத நேரம். மைதானத்துக்குள் இறங்குவது கெத்து மட்டும் அல்ல என்று அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பாட்டோடு முகமும் வரும் என்றேனே, அதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

பன்னீர்த் தெளிப்புக்கும் சான்று சொல்ல வேண்டும். லோகேஷ் கனகராஜ் இந்தப் பழக்கத்தை ஒரு முத்திரையாகவே ஆக்கிவிட்டார். ‘விக்ரம்’ படத்தில் ‘அசுரன்’ (1995) படத்தின் ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’, ‘லியோ’வில் ‘ஏழையின் சிரிப்பில்’ (2000) படத்தின் ‘கரு கரு கருப்பாயி’. மறந்துபோன பாட்டுகளைத் தோண்டி எடுக்கும் ரசனை அவருக்கு உண்டு. அதை மறுக்க மாட்டேன். பார்க்கும்போது கால் தானாகத் தாளம் போடுகிறது. ஆனால் அந்த இடத்தில் வேறொரு தொண்ணூறுகளின் குத்துப் பாட்டை மாற்றி வைத்தாலும் காட்சிக்கு நஷ்டமில்லை. ‘96’ படத்தில் பாட்டை மாற்றினால் படமே விழுந்துவிடும். நான் வைத்திருக்கும் உரைகல் இவ்வளவுதான்.

இதில் வழக்கும் சேர்ந்துகொண்டது. ‘96’ படத்தில் தன் பாட்டுகளைப் பயன்படுத்தியதை இளையராஜா 2019-இல் ஒரு பேட்டியில் கடுமையாகச் சாடினார். அந்தக் காலத்தைக் காட்டப் புது இசையமைப்பாளர் தானே இசை போட வேண்டாமா என்பது அவர் கேள்வியின் சாரம். 2024 மே மாதம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். 2025-இல் ‘குட் பேட் அக்லி’யில் வந்த மூன்று பாட்டுகளுக்காக ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டார், செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பாட்டுகளோடு படத்தைக் காட்ட இடைக்காலத் தடை விதித்தது. சட்டப்படி ஒரு பாட்டு ஒற்றைச் சொத்து அல்ல. மெட்டுக்கு ஒரு உரிமை, வரிக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. ஒலிப்பதிவு நிறுவனத்திடம் வாங்கிவிட்டோம் என்று படக்காரர்கள் சொல்வதும், என்னிடம் கேட்கவில்லையே என்று இசையமைத்தவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ராஜாவின் ரசனைத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ‘யமுனை ஆற்றிலே’க்குப் பதிலாக எந்தப் புது மெட்டும் அந்த இருட்டில் நின்றிருக்காது. ஆனால் கேட்டு வாங்கு, பணத்தைக் கொடு, பெயரைப் போடு என்பதில் அவர் பக்கம்தான் நான்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் ரொம்பக் கஞ்சம். வாத்தியம் வாசித்தவர்களை விடுங்கள். ‘சக்கு சக்கு’ மறுபடி ஊரைக் கலக்கியபோது, அதற்கு இசையமைத்து, 2017-இல் காலமாகிவிட்ட ஆதித்யனை எத்தனை பேர் நினைத்தார்கள்? ‘யமுனை ஆற்றிலே’யை முதலில் பாடியது யார் என்று நான் கேட்ட நான்கைந்து பேரும் எஸ். ஜானகி என்றே சொன்னார்கள். ஜானு என்ற பெயர் அப்படி நினைக்க வைத்திருக்கும். பாடியவர் மிதாலி பானர்ஜி பௌமிக்.