தொடாமல் இருக்கத் தெரிந்த கை

பழைய காரைப் பற்றி ஒர்க்‌ஷாப்பில் சொல்லப்படும் புகார்களிலேயே செறிவானது இது: “செல்ஃப் நல்லா அடிக்குது, வண்டி மட்டும் எடுக்கல.” இந்த ஆறு சொற்களே பாதிக் காரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடுகின்றன. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை செய்கிறது, இன்ஜின் இறுகிப்போகவில்லை. மிஞ்சுபவை தீப்பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் என்ற மூன்றும், அவை உரிய நேரத்தில் ஒன்றுசேர வேண்டும் என்ற நிபந்தனையும்தான். இந்த நான்கில் எது தவறியது என்று கண்டுபிடிப்பதை ரிப்பேர் வேலையின் முன்னுரையாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது தனிக் கலை. ஸ்பேனர் பிடிக்கும் திறமைக்கும் அதற்கும் உறவு குறைவு. கார் பற்றி ஒரு மெக்கானிக்குக்கு எவ்வளவு தெரியும் என்பதில் அந்தக் கலையின் உயரம் இல்லை. எதை எந்த நேரத்தில் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

மணவூர் வழியாகப் போகும் ரயில் தடத்தை முன்னிட்டு இதைப் பேசப் பொருத்தம் உண்டு. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் மணவூர். அதே பாதையில் சென்னையை நெருங்கினால் பாடி வட்டாரம் வருகிறது. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் அங்கேதான் ஸ்டார்ட்டர் மோட்டாரும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்து நாட்டுக்கே அனுப்பியது. இடையில் உள்ள திருவள்ளூருக்கு அருகே, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் மிட்சுபிஷி லேன்ஸரைத் தயாரிக்கத் தொடங்கியது. கார்பரேட்டர் இல்லாத, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊட்டும் கார் அது. இந்தியக் காரின் இரண்டு தலைமுறைகளும் இந்த ஒரே தடத்தில் தடம் பதித்திருக்கின்றன. நான் ரசிப்பது முதல் தலைமுறையை: 2014 வரை உத்தரபாராவில் தயாரான அம்பாஸடர், ஃபியட் 1100-லிருந்து வந்த பத்மினி, சென்னையின் தெற்குப் புறநகரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கார்பரேட்டர் வைத்த மாருதி 800. பானெட்டைத் தூக்கினால் எல்லா உறுப்பும் கண்ணுக்குத் தெரியும் வண்டிகள் இவை. எல்லாம் தெரிவதால் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கலாம் என்ற ஆசையும் கூடவே வரும். அந்த ஆசையை அடக்குவதில்தான் கலை தொடங்குகிறது.

சாவியைத் திருப்பியதும் வரும் சத்தமே முதல் தடயம். நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் நாலு முறை கம்ப்ரஷன் ஏறும். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஸ்டார்ட்டர் சற்றே திணறி, பிறகு விடுபடும். அந்தத் திணறல் சீரான இடைவெளியில் கேட்டால் நாலு சிலிண்டரும் காற்றைப் பிடிக்கின்றன என்று பொருள். நாலில் ஒன்று மட்டும் நொண்டினால் வால்வையோ பிஸ்டன் ரிங்கையோ சந்தேகப்படலாம். திணறலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றினால், டைமிங் செயினோ பெல்ட்டோ அறுந்து கேம் ஷாஃப்ட் நின்றுபோயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது “இன்னொரு தடவை அடிச்சுப் பாரு” என்பது ஆபத்தான யோசனை. சில இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். கார்பரேட்டர் வழியாக ‘பட்’ என்று பேக்ஃபயர் அடித்தால் தீப்பொறி இருக்கிறது, நேரம்தான் தப்பியிருக்கிறது என்று கொள்ளலாம்: டிஸ்ட்ரிபியூட்டர் நகர்ந்திருக்கும், அல்லது 1-3-4-2 என்ற வரிசையில் போக வேண்டிய பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கும். செல்ஃப் மந்தமாக அடித்தால் பேட்டரி மீதிருந்த நற்சான்றையே திரும்பப் பெற வேண்டும்: இருக்கும் கரண்டை ஸ்டார்ட்டர் உறிஞ்சிக்கொள்ள, காயிலுக்குப் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காது. அதே வண்டி தள்ளினால் எடுத்துக்கொள்வதும் இதனால்தான். ஒரு நட்டும் திருகப்படவில்லை; அதற்குள் கேள்வி பாதியாகிவிட்டது.

அடுத்தது தீப்பொறி. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் 1910 வாக்கில் காடிலாக் காருக்கு வகுத்துக் கொடுத்த ஏற்பாடுதான் இந்தப் பழைய வண்டிகளில் இருப்பது. 1912-ல் அதே காருக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரைக் கொடுத்தவரும் அவரே. செல்ஃப் அடிப்பதும் வண்டி எடுப்பதும் ஒரே மூளையிலிருந்து வந்தவை என்று சொல்லலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற சுவிட்ச் மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் காயிலில் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பாயின்ட் திறந்ததும் அந்தப் புலம் சரிந்து, சுமார் 20,000 வோல்ட் பிளக்குக்குப் பாய்கிறது. பாயின்ட்டின் இடைவெளி அம்பாஸடரில் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பக்கத்திலேயே சிறு உருளையாக ஒரு கண்டென்சர் இருக்கும். பாயின்ட் திறக்கும் நொடியில் அங்கே பொறி பறக்காமல் தடுப்பது அதன் வேலை. அது செத்துவிட்டால் பாயின்ட் முகம் கருகும், பிளக்கில் நீலப் பொறிக்குப் பதில் நோஞ்சான் மஞ்சள் பொறி வரும். அவசரக் கை என்ன செய்கிறது? கருகிய பாயின்ட்டைப் பார்த்ததும் எமரித் தாளால் தேய்க்கிறது. வண்டி எடுத்துவிடும். சில நாளில் மறுபடி கருகி மறுபடி நிற்கும். அந்தக் கருக்கல் கண்டென்சருக்கு எதிரான சாட்சி. தேய்த்தவர் குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியைத் துடைத்திருக்கிறார். நான் சொல்லும் தொடாமை சோம்பல் அல்ல, தடயத்தைக் காப்பது.

பெட்ரோல் பக்கம் இதே ஒழுக்கம் இன்னும் நுட்பமாக வெளிப்படுகிறது. சிறிது நேரம் செல்ஃப் அடித்த பிறகு பிளக்கைக் கழற்றினால், அது காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா என்ற ஒரே பார்வையில் வழி இரண்டாகப் பிரியும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் வந்திருக்கிறது, பொறி இல்லை, அல்லது சோக்கை இழுத்து இழுத்து ஓவர்ஃப்ளோ ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே பிளக்கைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஆள் ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்தால் அந்தப் பார்வைக்கு அர்த்தமே போய்விடும். காய்ந்த பிளக் என்றால் கார்பரேட்டர் வாயில் சில துளி பெட்ரோல் விட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு அடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். தீ பிடிக்கும் ஆபத்து உள்ளது என்பதால் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. இரண்டு நொடி ஓடி நின்றால் பொறி, கம்ப்ரஷன், டைமிங் மூன்றும் ஒரே சோதனையில் விடுதலை. பிறகு பெட்ரோல் வரும் வழியில் பின்னோக்கிப் போக வேண்டியதுதான். பம்ப்பில் உள்ள கை லீவர் லொடலொடவென்று அசைந்து எதையும் ஏற்றவில்லையென்றால், டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். தேர்ந்தவர் முதலில் இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி லீவரை அழுத்துவார். கேமின் மேடு பம்ப்பின் கையை முழுதாகத் தள்ளி நிற்கும் இடத்தில் லீவருக்கு வேலையே இருக்காது என்பது அவருக்குத் தெரியும். அதற்கும் முன்பு டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார். காற்றுத் துளை அடைத்திருந்தால் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கு முதல் மறுப்பு, பெரிய மெக்கானிக்குகள் இப்படிப் படிப்படியாகப் போவதில்லை என்பது. வண்டியைப் பார்த்ததும் நேராக ஓரிடத்தில் கை வைக்கிறார்கள், அது சரியாகவும் இருக்கிறது. உண்மைதான். ஐப்பசி மழையில் நின்ற வண்டி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ஈரத்தைத் துடைப்பார்கள். வெயிலுக்குப் பேர்போன திருத்தணியில் மலைப்பாதை ஏறி, இன்ஜினை நிறுத்திய வண்டி திரும்ப எடுக்கவில்லை என்றால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்திருக்கும் என்று ஈரத் துணியைச் சுற்றிக் காத்திருப்பார்கள். ஆனால் இதுவும் வரிசைதான்; அந்த நாளுக்கும் இடத்துக்கும் எது அதிகம் நடக்கக்கூடியதோ அது முதலில் வருகிறது. அந்த ஊகம் பொய்த்தால் அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் ஆள் யார் என்று தெரியும். அனுபவம் மட்டும் போதாது என்பதற்கு இன்றைய பெட்ரோலே சான்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரங்களையும் கெடுக்கக்கூடியது. டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கிளப்பி ஜெட்டை அடைக்கக்கூடியது. ஈரத்தை இழுத்துக்கொள்வதால் நெடுநாள் நிற்கும் வண்டியில் தனித் தொல்லை. நாற்பது வருட ஞாபகத்தில் இந்தக் கோளாறுகள் இல்லை. ஞாபகத்தை நம்பியவர் இங்கே தடுமாறுவார், சோதனையின் வரிசையை நம்பியவர் வந்து சேர்ந்துவிடுவார்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பாயின்ட், கண்டென்சர், ரோட்டர், பிளக் எல்லாமே விலை குறைந்தவை. மொத்தமாக மாற்றிவிட்டுப் போவதை விட்டு இத்தனை ஆராய்ச்சி எதற்கு? நியாயமாகத் தோன்றினாலும் இதில் ஓட்டை இருக்கிறது. நாலை ஒன்றாக மாற்றி வண்டி எடுத்தால் எது கெட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. எடுக்காவிட்டால் நிலைமை முன்பைவிட மோசம். புதுக் கண்டென்சரும் மட்டமானதாக இருக்கலாம், புது பாயின்ட்டின் இடைவெளி தப்பியிருக்கலாம், மாற்றும்போது ஒரு வயர் தளர்ந்திருக்கலாம். ஒரு கோளாறு இருந்த இடத்தில் இப்போது இரண்டு. ஒன்றை மாற்றி, வண்டி எடுத்த பிறகு, பழையதைத் திரும்ப மாட்டி மறுபடி நிற்கிறதா என்று பார்ப்பதே முழு நிரூபணம். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் அபூர்வம். அந்தச் சில நிமிடத்தில்தான் தற்செயலும் அறிவும் பிரிகின்றன.

மூன்றாவது மறுப்பு காலத்தைக் காட்டுகிறது: ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண்ணையே சொல்லிவிடும் காலத்தில் இது பழம்பெருமை. ஸ்கேனர் வந்தது நல்லதே. ஆனால் கிராங்க் சென்சார் கோளாறு என்று அது காட்டினால், சென்சாரா, வயரா, கனெக்டரில் பிடித்த களிம்பா, பல் சக்கரமா என்பதை இன்னும் ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும். எந்த எண்ணும் காட்டாமல் பெட்ரோல் பம்ப் மட்டும் சோர்ந்துபோகும் வண்டிகளும் உண்டு. கருவி மாறும்போது சோதனையும் மாறுகிறது: பாயின்ட் வைத்த வண்டியில் பிளக் வயரைக் கழற்றி இன்ஜின் உடம்பருகே பிடித்துப் பொறி பார்ப்பதுபோல எலெக்ட்ரானிக் இக்னிஷனில் செய்தால், பொறி பாய வழியில்லாதபோது மாட்யூலே போய்விடலாம். எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல் புதுக் காரில் நீண்டிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இந்தக் கலை தேய்வதற்கு ஸ்கேனரைவிட நம் பில்லே பெரிய காரணம். மாற்றிய சாமானுக்குப் பணம் தருகிறோம், கழற்றி மாட்டிய கூலியையும் தருகிறோம். கண்டுபிடித்ததற்கு ஒரு வரிகூட இல்லை. டேங்க் மூடியைத் திறந்து இரண்டு நிமிடத்தில் வண்டியை எடுத்துக் கொடுப்பவரிடம் “இதுக்குப் போயி காசா?” என்று கேட்கிறோம், அரை நாள் பிரித்துப் போட்டவருக்கு முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். இப்படிப் பழக்கினால் சாமானை மாற்றுபவர்தான் பிழைப்பார், யோசிப்பவர் பிழைக்கமாட்டார். ஆகவே ரசிகனுக்கு ஒரு கடமை உண்டு. வண்டி எடுத்ததும் “என்ன மாத்துனீங்க?” என்று கேட்பதை விட்டு, “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்க வேண்டும். ஒரே மூச்சில் கோவையாகப் பதில் வந்தால், கழற்றாத நட்டுகளுக்கும் சேர்த்துக் கூலி கொடுத்துவிட வேண்டும்.