கோணல் டம்ளரை ரசிப்பது எப்படி

தை மாதத்து மரக்காணம் உப்பளத்தில் வெள்ளையாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு போய் இறங்கியபோது, போன வருஷத்து உப்புதான் கீற்று வேய்ந்த குவியல்களாகச் சாலையோரம் இருந்தது. பாத்திகளில் நின்ற மழைத்தண்ணீரை வடித்துவிட்டு, ஈரக் களிமண்ணை ஆட்கள் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். குதிகாலை ஓர் அழுத்து, அரை அடி நகர்வு, மறுபடி குதிகால். தரை இறுகினால்தான் உப்புத்தண்ணீர் கீழே இறங்காது. வாரும்போது உப்போடு சேறும் வராது.

"பானை செய்யறவங்க வீட்டு வாசல்லயும் இப்படித்தான் மிதிப்பாங்க" என்றார் மாமியார். மகள் உடனே, "நாம பானை செய்யலாமாம்மா?" என்று பிடித்துக்கொண்டாள். அன்று மதியத் திட்டம் மாறியது இப்படித்தான்.

மரக்காணத்திலிருந்து அதே சாலையில் தெற்கே அரை மணி, முக்கால் மணி நேரம் போய், பெரியமுதலியார்சாவடியில் வலப்பக்கம் திரும்பினால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர். அந்த ஊரிலும் புதுச்சேரியிலும் மண்பாண்டப் பட்டறைகள் இத்தனை இருப்பதற்குப் பெரிய காரணம், 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அங்கே பழகியவர்கள் இந்தியா முழுக்கப் பரவித் தனிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது ஒரு சின்னப் பட்டறை. மோட்டார் சக்கரம் இரண்டு, வாளித் தண்ணீர், துண்டுப் பஞ்சு, அறுக்கும் நூல், அவ்வளவுதான்.

போனதும் கை வைக்காதீர்கள். கால் மணி நேரம் சும்மா பாருங்கள். பாத்திரம் எழும்புவதைப் பார்க்கத்தான் கண் ஓடும். அதற்கு முந்தைய ஒரு நிமிஷத்தைப் பிடியுங்கள். உருண்டையைச் சக்கரத்தில் அறைந்ததும் அது தள்ளாடும். சொல்லிக்கொடுத்த அக்கா முழங்கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கையாலும் மண்ணைக் கவ்விப் பிடித்தார். விரல் அசையவே இல்லை. தள்ளாட்டம் குறைந்து, ஒரு கட்டத்தில் மண் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் போனது. மண் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு அந்தச் சாயங்காலத்திலேயே பிடித்த காட்சியும் அதுதான். அதன் பிறகு சுவர் எழும்புவது வெறும் வித்தை மாதிரி இருந்தது.

பிறகு உட்காருங்கள். கட்டாயம் கெடுப்பீர்கள். என் கணவர் முதல் உருண்டையைச் சுவர் வரை தூக்கிவிட்டுப் பெருமையாக எங்களைப் பார்த்தார். பார்த்த அந்த நொடியில் வாய் விரிந்து, அகலமாகி, துவண்டு படுத்துவிட்டது. "அண்ணா, தண்ணிய கம்மி பண்ணுங்க, அவசரப்படாதீங்க" என்றார் அக்கா. மகள் கெடுத்தது மூன்று. நான்காவது, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, டம்ளர் என்று சொல்லிக்கொள்ளும்படி நின்றது.

கெடுத்த கையோடு ஊர்ச் சந்தைக்குப் போய்ப் பானை பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் ருசி. புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூர் பக்கம் சுடுமண் வேலைக்குப் பேர்போனது. 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற முனுசாமி அந்த ஊர்க்காரர். அங்கே இல்லாவிட்டால் உங்கள் ஊர்ப் பொங்கல் பானைக் கடையே போதும். பானைக்குள் கையை விட்டு உட்சுவரைத் தடவுங்கள். கழுத்தருகே சுற்றுச் சுற்றாக விரல் தடம் இருக்கும். அது சக்கரம் விட்டது. கீழே வரவர வரி மறைந்து சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படும். நம்மூர்ப் பானை முழுசாகச் சக்கரத்தில் பிறப்பதில்லை. வாயும் தோளும் அமைந்ததும் அறுத்தெடுத்து, கொஞ்சம் காயவிட்டு, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடி உருட்டுகிறார்கள். அந்தப் பள்ளங்கள் கல்லின் தடம். வாங்கும்போது எல்லோரும் சுண்டிப் பார்க்கிறோம். 'டங்' என்றால் சரி, 'டப்' என்றால் எங்கோ விரிசல். தட்டின தடத்தை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. கருப்புத் திட்டு இருந்தால் அழுக்கென்று ஒதுக்காதீர்கள். சூளையில் காற்றுப் போகாமல் புகை தங்கிய இடம் அது.

இந்தக் கரையில் பானையைப் பார்க்கும்போது உப்பை மறக்க முடியாது. மழைக்காலத்தில் உப்பளமும் சூளையும் சேர்ந்தே படுத்துவிடும். இரண்டுக்கும் வெயில்தான் மூலதனம். ஆனால் மண்ணில் உப்பேறியிருந்தால் பானை பொரிந்து உதிரும். அதே உப்பு, 1200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளையில் அள்ளிப் போட்டால் வேறு வேலை செய்யும். ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து, பாத்திரத்தின் மேல் கண்ணாடித் தோலாகப் படியும். ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஜெர்மனியின் ரைன் கரைக் குயவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்த வேலை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழைய வீடுகளின் சாக்கடைக்குப் பதித்த பளபளப்பான பழுப்புக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதன் மினுமினுப்பும் உப்பு தந்ததுதான்.

ஒரு நடைமுறை விஷயம். செய்ததை அன்றே தூக்கிக்கொண்டு வர முடியாது. நிழலில் பல நாள் காய வேண்டும். ஈரத்தோடு சுட்டால் வெடிக்கும். எங்கள் பொட்டலம் கூரியரில் வர ஒரு மாதம் போலாயிற்று. பிரித்ததும் மகளுக்கு ஏமாற்றம்: "இது என்னோடது இல்ல, என்னோடது பெருசு." காய்ந்தும் வெந்தும் மண் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும். கோணலைக் காட்டித்தான் நம்பவைத்தோம்.

மெருகு பூசாத வெறும் சுடுமண் என்பதால் தண்ணீர் குடிக்கத் தோதுப்படவில்லை. மாமியார் அதில் மரக்காணத்தில் வாங்கிய கல்லுப்பைப் போட்டு அடுப்படியில் வைத்தார். மூன்றாவது வாரம், மெலிந்த பக்கத்தில் மட்டும் வெளியே வெள்ளையாகப் பூத்திருந்தது. தடித்த பக்கம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.