சீட்டு கலையும் சத்தம்

'மேஜிக்: தி கேதரிங்' சீட்டுப் போட்டி நடக்கும் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது சீட்டு கலைக்கும் சத்தம்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. 60 உறைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்போது, வெற்றிலைக் கவுளியைப் புரட்டுவது போலச் சன்னமான, வழுவழுப்பான ஒரு சரசரப்பு. புது உறை விரலில் வழுக்கும். பழகியது சற்றே பிடித்துக்கொள்ளும். தேர்ந்த கை சீட்டை வளைப்பதில்லை. இரண்டு பாதியையும் விளிம்போடு விளிம்பு வைத்து மெல்ல அழுத்துகிறது, அவ்வளவுதான். பிறகு சீட்டுக் கட்டை எதிராளி முன் நகர்த்த வேண்டும். அவரும் கலைத்தோ வெட்டியோ தருவார். சந்தேகத்தில் பிறந்த விதிதான். நேரில் பார்க்க என்னவோ மரியாதை மாதிரி இருக்கிறது.

ஆடுபவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் ரசிப்பது நடத்துபவரை. மேசைகளுக்கு எண் ஒட்டி, சுற்றுக்குச் சுற்று ஒரே புள்ளிக்காரர்களை ஜோடி சேர்க்கிறார். ஸ்விஸ் முறை, சதுரங்கக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, தன்னைப் போலவே தோற்ற இன்னொருவரோடு உட்காரலாம். சுற்று தொடங்கி 50 நிமிடம் ஆனதும் குரல் கொடுப்பார். அதற்கு மேல் மாறி மாறி ஆட ஐந்தே முறைதான். ஆட்டம் முடியாத மேசையோரம் கைகட்டி நின்று அதை எண்ணுவார். யார் ஜெயிக்கிறார் என்று முகத்தில் காட்ட மாட்டார். ஆட்கள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருவருக்கு ஆடாமலே வெற்றிப் புள்ளி. ஆட வந்த பையனுக்கு அதில் என்ன சந்தோஷம்? நல்ல மனிதர் என்றால் எதிரே உட்கார்ந்து, தன் சொந்தச் சீட்டுகளை எடுத்து, கணக்கில் சேராத ஓர் ஆட்டம் போடுவார்.