பின்கதவில் தொங்கும் பாரம்: ஸ்டெப்னி தாங்கி இந்தியாவிலும் இலங்கையிலும்

காட்டுத்தடத்திலும் மலைப்பாதையிலும் ஓடும் வண்டியின் உபரிச் சக்கரம் பெரும்பாலும் பின்கதவில் தொங்கும். இல்லையென்றால் வண்டியின் அடியில் சங்கிலியில் மாட்டியிருக்கும். இரண்டு இடமும் தொழிற்சாலையில் போட்டுக்கொடுத்த டயருக்கு அளந்து செய்தவை. உரிமையாளர் பெரிய டயருக்கு மாறியதும் அந்தக் கணக்கு தவறிவிடுகிறது. அடியில் விட்டிருந்த இடத்துக்குள் புதிய டயர் நுழையாது. கதவில் மாட்டினால் கதவு தாங்காது. அப்போதுதான் தனியாக ஒரு தாங்கியை வாங்கியோ பட்டறையில் அடித்தோ பொருத்தும் வேலை வருகிறது. தமிழ்நாட்டில் அதற்கு ஸ்டெப்னி கேரியர் என்று பெயர். வேல்ஸில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் பிறந்த உபரிச் சக்கரத்தின் பெயர் இந்தியச் சாலைகளில் இன்றும் வழங்குகிறது. இலங்கையில் உபரிச் சக்கரத்துக்கு ஸ்பெயார் வீல் என்று பெயர், பேச்சில் ஸ்பெயார் சில்லு.

கதவு ஏன் தாங்காது என்பதைச் சிறு கணக்கு காட்டிவிடும். இரும்பு ரிம்மோடு ஒரு சக்கரம் 35 கிலோ என்றும், அதன் நடுப்புள்ளி கீலிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்தவுடன் முழுப் பாரமும் கீல்களின் மேல் விழும். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 25 சென்டிமீட்டர் என்றால், மேல் கீலைப் பக்கவாட்டில் பிடுங்கும் விசை 84 கிலோ. இடைவெளியை 50 சென்டிமீட்டராக்கினால் அது 42 கிலோவாகக் குறைந்துவிடும். இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. கல்தடத்தில் குழிக்குக் குழி இறங்கி ஏறும்போது, கதவு மூடியிருந்தாலும், அதிர்ச்சி பல மடங்காகும். கதவுத் தகட்டில் கீல் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசல் விடுவதும், இரும்புத் தகடானால் விரிசலிலிருந்து செம்பொடி கசிவதும் அதன் முதல் அடையாளங்கள். லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் அலுமினியப் பின்கதவு இப்படி விரிசல் விடுவதற்குப் பேர்போனது.

இந்தியாவில் இந்தத் தேவை பெரும்பாலும் புதிய வண்டியிலிருந்து பிறக்கிறது. மகிந்திராவின் இரண்டாம் தலைமுறை தார் 2020 அக்டோபர் 2இல் விற்பனைக்கு வந்தது. ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. இரண்டிலும் ஸ்டெப்னி பின்கதவில்தான். ஒரே மாதிரி வண்டி ஆயிரக்கணக்கில் ஓடுவதால், அந்த மாதிரிக்கென்றே அளவெடுத்த தாங்கிகள் பெட்டியில் அடைத்து, போல்ட், வாஷர் சகிதம் கிடைக்கின்றன. சென்னை ஜி.பி.ரோட்டுக் கடைகளிலோ கோயம்புத்தூரிலோ வாங்கி, அரைநாளில் மாட்டிவிடலாம். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 69 சென்டிமீட்டர். பலர் விரும்பும் 235/75 ஆர்15 சுமார் 73. விட்டத்தில் கூடும் நாலு சென்டிமீட்டரில் பாதி கீழே இறங்குவதால் டயர் பம்பரில் உரசும். அதற்குச் சக்கரத்தைச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கும் தகடு ஒன்றே பலருக்குப் போதும். முழுத் தாங்கி வேண்டியதில்லை.

இலங்கையின் கதை வேறு. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டது. ஐந்தாண்டுகள் புதிய வண்டி வராத தீவில், இருப்பதைக் காப்பாற்றுவதே தொழிலாயிற்று. மலையகத் தோட்டத்துப் பாதைகளிலும் ரிவஸ்டன், மீமுரே பக்கத் தடங்களிலும் ஏறுபவை பஜேரோ, மொன்டேரோ, பழைய டிஃபெண்டர், டபுள் கெப், எஞ்சின் பெயராலேயே அறியப்படும் 4டிஆர்5 மிட்சுபிஷி ஜீப் போன்ற வண்டிகள். ஒன்று 1980களுடையது, இன்னொன்று ஜப்பானில் ஓடி முடித்து வந்தது. கதவும் கீலும் ஏற்கெனவே தேய்ந்தவை. அளவு பார்த்து வாங்க ஒன்றும் இல்லாத வண்டிக்கு, பாஸ் என்று அழைக்கப்படும் பட்டறைக் கைவினைஞர் வந்து, நாடாவால் அளந்து, அதே இடத்தில் அடித்துத் தருவதுதான் வழி. ஆஸ்திரேலியத் தயாரிப்பை வரவழைப்பவர்களும் உண்டு, ஆனால் அனுப்புக்கூலியும் தீர்வையும் சேர்ந்தால் விலை கைமீறிப்போகும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிகளைப் புரட்டினால் கீலுக்கான ஹப் கிடைக்கும். சென்னையில் அதே வேலைக்குப் புதுப்பேட்டை இருக்கிறது.

தாங்கியின் உயிர் கீலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் பிணைச்சல் என்று சொல்லும் அதே பொருள்தான், ஆனால் வீட்டுக் கதவுப் பிணைச்சல் இங்கே உதவாது. நல்ல வேலையில் கீல் என்பது ஒரு நிமிர்ந்த தண்டு. மேலும் கீழும் கூம்பு உருளை பேரிங், நடுவே கிரீஸ் நிப்பிள். சிறு டிரெய்லரின் சக்கர ஹப்பும் அதன் குட்டை அச்சும் இதற்கு அப்படியே பொருந்தும். வெறும் பித்தளை புஷ்ஷும் ஓடும், ஆனால் புழுதி புகுந்ததும் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். கிரீஸ் கன் வைத்து அழுத்தும்போது பழைய கருத்த கிரீஸ் கீழ்ச் சீலில் சுற்றிலும் ஒரே சீராகப் பிதுங்கி வரவேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் தண்டு சாய்ந்திருக்கக்கூடும்.

கீலை எதில் ஊன்றுவது என்பதில்தான் இரண்டு நாட்டு வழக்கமும் உண்மையில் பிரிகின்றன. இந்தியப் பெட்டித் தாங்கிகளில் ஒரு வகை கதவின் பழைய கீல் துளைகளையே பயன்படுத்தி, மேலே கனத்த தகட்டைச் சேர்க்கிறது. இன்னொரு வகை பின் பம்பரையே மாற்றுகிறது. முதல் வகை மாட்ட எளிது, கழற்றவும் எளிது. ஆனால் பாரம் இன்னமும் உடற்தகட்டின் மேல்தான் நிற்கிறது. இலங்கைப் பட்டறையில் பொக்ஸ் பாரை வெட்டி, செஸியின் பின்குறுக்குச் சட்டத்தோடு இணைத்து, அதன் மேல் தண்டை நிறுத்துவார்கள். தமிழ்நாட்டில் பாக்ஸ் பைப் எனப்படும் சதுரக் குழாய்தான் அது. பாரம் போய்ச்சேர வேண்டிய இடம் செஸிதான் என்பதால் கொள்கையளவில் இந்த முறையே சிறந்தது. அதன் பலவீனம் வெல்டிங்கில். பெயிண்டைச் சுரண்டாமல் ஒட்டிய வெல்டு வெளியே கோடு போல அழகாகத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. செஸியில் நேரடியாக வெல்டு வைப்பதைவிட, தகடு வைத்து இரண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்குவதே நல்லது. உப்புக்காற்று படும் கரையோர வண்டிகளில் குழாயின் இரு முனைகளையும் அடைத்து, அடியில் சிறு வடிதுளை விடவேண்டும். இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் உள்ளிருந்தே துருப்பிடித்துவிடும்.

கொண்டியைப் பூட்டியபின், சக்கரத்தைச் சுமந்து கீலில் சுழலும் கை ஆடவே கூடாது. கை வந்து அமரும் இடத்தில் சரிவான தாங்குமுட்டு ஒன்று வைத்தால், பூட்டும்போது அது கையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, கீலின் பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்ளும். திறந்த கை சரிவான நிலத்தில் தானாக மூடி விரலை நசுக்காமலிருக்க ஒரு நிறுத்துக் கம்பியும் தேவை. இரு நாட்டிலும் வண்டி இடப்பக்கம் ஓடுவதால், கீல் வலப்பக்கம் இருப்பது பாதுகாப்பு. சாமான் இறக்குபவர் அப்போது தெருவோரமாக நிற்பார். ஜிம்னியின் கதவும் அப்படித்தான் திறக்கிறது. சாலையின் வலப்பக்கம் ஓடும் நாட்டுக்கென்று செய்த தாங்கியை வாங்குபவர் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய சக்கரம் நடுவில் வந்தால் நம்பர் பிளேட்டும் மூன்றாவது பிரேக் விளக்கும் பின்கேமராவும் மறையும். இந்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பின்பதிவெண் இரவிலும் 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி வெண்விளக்கு பட வேண்டும். ஆகவே பிளேட்டை இடம்மாற்றினால் அதன் விளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் முன்புறக் கிராஷ் கார்டுகள் இப்பிரிவுக்குப் புறம்பு என்று ஒன்றிய அமைச்சகம் அறிவுறுத்தியது. பின் இரும்புப் பம்பர் மாற்றுபவர் அதை மனத்தில் வைத்து, கழற்றக்கூடிய வகையைத் தேர்வதே விவேகம். இலங்கையில் 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு, வாகனங்களில் அனுமதியின்றிச் சேர்த்த உதிரிகளைக் கழற்றச் செய்யும் நடவடிக்கையைப் பொலிசார் தொடங்கினர். அங்கும் வெளியே நீட்டும் கூர்முனைகளும் மறைந்த விளக்குகளும்தான் முதலில் கண்ணில் படும்.

சக்கரத்தை மாட்டியபின் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். புதிய பெயிண்ட் நசுங்கி இடம் விடும். பிறகு ஒவ்வொரு கரட்டுப் பயணத்துக்குப் பின்னும் டயரின் மேல்விளிம்பை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். வண்டி மொத்தமும் ஆடினால் எல்லாம் சரி. டயர் மட்டும் ஆடினால் பேரிங்கையோ கொண்டியையோ திறந்து பார்த்த பிறகே அடுத்த பயணம்.