நாதஸ்வர ஒலிப்பதிவுகளில் திமிரியும் பாரியும்

சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கொடியேறிய நாள் முதல் தீர்த்தம் வரை, கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையின் வாகன இரைச்சலுக்கு மேலாக ஒரு வாத்தியம் ஒலித்தாக வேண்டும். சுவாமி வெளிவீதிக்கு வந்ததும் நாதஸ்வரக்காரர் மூச்சை அழுத்தி, சொற்கட்டைக் கூர்மையாக்கி வாசிப்பார். மண்டபத்துக்குள் திரும்பியதும் அதே வித்துவான் அதே குழலில் மெல்ல இராகம் எடுப்பார். வீதிக்கு ஒரு வாசிப்பு, மண்டபத்துக்கு ஒரு வாசிப்பு என்ற இந்த இரட்டை நிலைதான் கடந்த நூறு ஆண்டுக்கால நாதஸ்வரத்தின் கதை. பழைய இசைத்தட்டுகளையும் கசெட்டுகளையும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கேட்டால், பாணிகள் என்று நாம் சொல்வன எங்கிருந்து வந்தன என்பது புரியத் தொடங்கும்.

முதலில் வாத்தியம். பழைய நாதஸ்வரம் திமிரி. நீளம் குறைவு, சுருதி நான்கு கட்டைக்கு மேல். நான்கு மாடவீதிகளுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே அமைந்த குழல் அது. இன்று நாம் பார்ப்பது பாரி. நீண்ட உலவு (குழலின் உடல்), இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைச் சுருதி, கனிந்த நாதம். இந்த மாற்றத்துக்கு முன்னின்றவர் திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை. அவருக்காகக் குழல் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. திமிரியில் சுத்த மத்யமம் இலகுவில் நிற்காது. உதட்டாலும் விரலாலும் சமாளித்துத்தான் அதைக் கொண்டுவர வேண்டும். ஆசாரி அந்தச் சுரம் தானாக வந்து நிற்கும்படி துளைகளை அமைத்தார். தோடிக்கு வேண்டியது சுத்த மத்யமம். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி உலகப் புகழ் பெற்றதற்கு அவருடைய கற்பனை எவ்வளவு காரணமோ, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஆச்சா மரத்தைக் கடைந்துகொண்டிருந்த அந்த ஆசாரியின் கையும் அவ்வளவு காரணம் என்றே நான் நினைக்கிறேன். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மிகத் தாமதமாக வந்த மரியாதை அது.

பியானோ படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஏ.எம்.இ.பி. இசைத் தேர்வுக்காக அவர்கள் வாசிக்கும் பாக்கின் நடனத் துண்டுகள் பியானோவுக்காக எழுதப்பட்டவை அல்ல. பாக் தம் ஆறு பார்ட்டிட்டாக்கள் என்னும் நடனத் தொகுதிகளை 1726 முதல் 1731 வரை வெளியிட்டபோது வீடுகளிலும் அரண்மனைகளிலும் இருந்தது ஹார்ப்சிகோர்ட். அதில் தந்தி மீட்டப்படும். விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஓசை ஒரே அளவுதான். பியானோவில் சுத்தியல் தந்தியை அடிப்பதால் மென்மையும் வன்மையும் விரலில் இருக்கின்றன. முதலாவது பார்ட்டிட்டாவை டினு லிபாட்டி 1950இல் பியானோவில் பதிவு செய்தார். குஸ்தாவ் லியோன்ஹார்ட் ஹார்ப்சிகோர்ட்டில் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். லிபாட்டி ஒரு வரியை மெல்லத் தொடங்கி வளர்த்து மெல்ல அடக்குகிறார். லியோன்ஹார்ட்டுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு சுரத்தை இம்மி நேரம் தாமதிக்கிறார், இன்னொன்றைச் சற்று நீட்டுகிறார். காலத்தைக் கொண்டே அழுத்தத்தை உண்டாக்குகிறார். இசை ஒன்றுதான். வாத்தியம் மாறியதும் எதை அழகு என்று தேடுகிறோம் என்பதே மாறிவிடுகிறது. திமிரிக்கும் பாரிக்கும் இடையில் நடந்ததும் இதுதான். திமிரியில் சிறப்பு தாளக்கட்டிலும் தெளிவான துத்துகாரத்திலும் இருந்தது. பாரி வந்த பின் சிறப்பு நீண்ட மூச்சிலும், வாய்ப்பாட்டைப் போன்ற அகாரத்திலும், பிருகாவிலும் தேடப்பட்டது.

பாக்கின் தொகுதிகளில் அலமாண்ட், கூராண்ட், சரபாண்ட், ஜீக் என்று நடனங்களுக்கு ஒரு வரிசை உண்டு. நம் மேளத்துக்கும் வரிசை உண்டு, அது இன்னும் கண்டிப்பானது. சுவாமி எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. முழுக்க முழுக்கத் தாளத்தின் மேல் கட்டிய சொற்கட்டு. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று. அதன் பிறகே இராக ஆலாபனை, பல்லவி, கீர்த்தனம். வீதி சுற்றித் திரும்பும்போது எளிய பதங்கள், ஊஞ்சல், லாலி. பள்ளியறையில் நீலாம்பரி. காலைப் பூசைக்குப் பூபாளமும் பௌளியும், மாலையில் பூர்விகல்யாணியும் கல்யாணியும். இந்த வரிசை தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சுவாமி எந்த வீதியில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவார். துயரம் என்னவென்றால், ஒலிப்பதிவுகளில் இந்த வரிசை ஏறக்குறைய இல்லை. இசைத்தட்டுக் கம்பனிகள் ஆலாபனையை எடுத்தன, கீர்த்தனத்தை எடுத்தன, பிறகு திரைப்பாட்டை எடுத்தன. முழுத் திருவிழா மேளத்தை யாரும் தட்டில் ஏற்றவில்லை. ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம் மட்டும் ஓடும் தட்டில் அது அடங்கவும் அடங்காது.

இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டிலிருந்தே தொடங்குவோம், வேறு எங்கிருந்தும் தொடங்க முடியாது. மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் சில நிமிடத்துக்குள் அதைச் சுருக்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டாயம் அந்தப் பதிவுக்கு நன்மையே செய்திருக்கிறது. சுற்றி வளைக்காமல் நேரே இராகத்தின் உயிருக்குப் போகிறார். காந்தாரத்தை அசைத்து நிறுத்தும் இடத்தில் இராகம் முழுவதும் அந்த ஒரு சுரத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு ஒரே மூச்சில் மேலே ஏறும் பிருகா. ஒவ்வொரு சுரமும் தனித்தனியே விழுகிறது, ஆனால் இடையில் விரிசல் இல்லை. வாய்ப்பாடும் முறையாகப் பயின்றவர் என்பது அந்தக் குழலில் தெரிகிறது. ஒலிவாங்கி வந்திராவிட்டால் இந்த நுணுக்கம் நமக்குக் கிடைத்திராது. 1925ஐ ஒட்டி மின்முறை ஒலிப்பதிவு வருவதற்கு முன் புனலுக்குள் ஊதித்தான் பதிவு செய்தார்கள்; அதற்குத் திமிரியின் உரத்த கீச்சொலிதான் பொருந்தும். பாரியின் கனிவு ஒலிவாங்கியோடு சேர்ந்து வளர்ந்தது.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). குருவின் பிருகாவை எடுத்துக்கொண்டு அதன் முரட்டுத்தனத்தைத் தேனில் தோய்த்துக் கொடுத்தவர். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’ இல்லாத தமிழ் வீடு மெல்பேர்னிலும் இல்லை, சிட்னியிலும் இல்லை. ஆபேரி இராகம், எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை. அந்தப் பாட்டில் மட்டும் நின்றுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதன் கடைசிப் பகுதியில் குரலும் குழலும் மாறி மாறிச் சுரம் பாடும் இடத்தைக் கவனமாகக் கேட்டுவிட்டு, அடுத்ததாக அவருடைய கச்சேரிப் பதிவுகளுக்குப் போங்கள். திரைப்பாட்டில் கேட்ட அதே இனிமை, அங்கே அவசரம் இல்லாமல் ஓர் இராகம் முழுக்க விரிந்து கிடக்கும். குருவையும் சீடரையும் அருகருகே வைத்தால் என் மனம் தோடிக்குக் குருவிடம் போகும். களைத்த மாலைப் பொழுதுகளில் காருகுறிச்சியிடமே போகும்.

திருவீழிமிழலை சகோதரர்களின் (சுப்பிரமணிய பிள்ளை, நடராஜசுந்தரம் பிள்ளை) அளவுகோல் வேறு. இரண்டு குழலும் ஒரே குரலாக இழைந்து, கீர்த்தனத்தைச் சாகித்தியம் கேட்கும்படி, சங்கதி பிசகாமல் வாசிப்பதே அவர்கள் வகுத்த தரம். பாடாந்தர சுத்தம் என்றால் என்ன என்று மாணவருக்குக் காட்ட இவர்களின் பதிவுகளை விட நல்ல பாடம் இல்லை. செம்பொன்னார்கோயில் மரபு ரக்திக்குப் பேர் பெற்றது. ரக்தி நாதஸ்வரத்துக்கு மட்டுமே உரிய உருப்படி. சொல் இல்லை, ஒரு லயக்கட்டை எடுத்துப் படிப்படியாகக் காலம் மாற்றி விரிப்பது. இராமசாமி பிள்ளையின் வழியில் வந்த எஸ்.ஆர்.ஜி. சம்பந்தம், இராஜண்ணா சகோதரர்கள் அதைக் காத்தார்கள். பாணிகளில் மிகக் குறைவாகக் கேட்கப்படுவது இதுதான், பழைய வீதி வாசிப்புக்கு மிக நெருங்கி நிற்பதும் இதுதான்.

ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்தின் கரவதியில் பிறந்தவர். நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் வழியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாழ்ந்தார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவர் பதிவுகளில் எதுவும் மிகையாக இருக்காது. மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதே தெரியாது. நாதஸ்வரத்தை முதன்முதலாகக் கேட்கும் நம் இளையோருக்கு நான் முதலில் கொடுப்பது இவருடைய பதிவைத்தான். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனும் அப்படியே நிதானத்துக்குப் பேர் போனவர்.

இனி நம்முடைய யாழ்ப்பாணம். அங்கே மேளம் என்றாலே காது முதலில் தவிலுக்குத்தான் போகும். சுவாமியைச் சந்தியில் நிறுத்திவிட்டு விடிய விடியத் தவில் சமா கேட்ட சனம் அது. அளவெட்டியில் வாழ்ந்த வி. தட்சிணாமூர்த்தி (1933–1975) அந்தக் காதுகளுக்குக் கிடைத்த பேறு; தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வர வித்துவான்கள் அவரை அழைத்துத் தங்களுக்கு வாசிக்க வைத்தார்கள். அவருடைய பதிவுகளில் வலது கை விரல்களைக் கவனியுங்கள். கூட்டில் மாட்டிய விரல்கள் எவ்வளவு வேகத்தில் ஓடினாலும் ஒவ்வொரு சொல்லும் எழுத்தெழுத்தாக விழும். இடது கைக் குச்சி அதற்கு அடியில் தாளத்தைப் பேசிக்கொண்டே இருக்கும். அளவெட்டி என்.கே. பத்மநாதன் (1931–2003) நல்லூரில் நெடுங்காலம் வாசித்தவர். இந்தியப் பாணிகளைக் கேட்டு வளர்ந்தவர்தான். என்றாலும் அவர் வாசிப்பில் வீதியின் நினைவு போகவில்லை. இராகத்தை நீட்டி மண்டபத்துக் கைதட்டலுக்குக் காத்திருப்பதை விட, அளவோடு நிறுத்தித் தவிலுக்கு வழி விடுவார். கோயில் மேளத்தில் இது பெரிய குணம். சாவகச்சேரி கே.எம். பஞ்சாபிகேசனின் வாசிப்பையும் இதே வரிசையில் வைப்பேன். இன்று பஞ்சமூர்த்தி குமரன், பி.எஸ். பாலமுருகன் போன்றோரின் திருவிழா வாசிப்புகள் காணொளியாக உடனுக்குடன் இங்கே வந்துவிடுகின்றன. அவற்றில் சில, சினிமாப் பாட்டுக்கு விழும் விசிலை நம்பிப் பதிவேற்றப்பட்டவை. அந்த வித்துவான்கள் மல்லாரி வாசிக்கும் காணொளிகளைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஆற்றல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஸ்டூடியோவில் எடுத்த தமிழ்நாட்டுப் பதிவுகளோடு யாழ்ப்பாணத்துக் கோயில் கசெட்டுகளை ஒப்பிட்டால், ஒலித்தரத்தில் இவை தோற்கும். தவில் ஒலிவாங்கிக்குக் கிட்ட இருக்கும், நாதஸ்வரம் எட்ட நிற்கும். நடுவில் மணி அடிக்கும், அரோகரா கேட்கும், சனம் கதைக்கும். இருந்தும் இவற்றையே நான் பெரிய சொத்து என்கிறேன். மல்லாரி எவ்வளவு நேரம் போனது, சந்தியில் எந்த இராகம் எடுத்தார்கள், எப்போது தவிலுக்கு விட்டார்கள், திரும்பும்போது எதை வாசித்தார்கள் என்பதற்கு இவற்றில்தான் சாட்சி இருக்கிறது. இசைத்தட்டுகள் பாதுகாத்தது மண்டபத்தின் அளவுகோலை. வீதியின் அளவுகோலை வீட்டுக் கசெட் ரெக்கோர்டர்களே பாதுகாத்தன. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் வைத்து ஒரு வித்துவானை எடை போடுவது தவறு. தோடி ஆலாபனையில் பிரமாதமானவர் மல்லாரியில் தடுமாறலாம். ரக்தியில் சிங்கமாக இருப்பவர் கீர்த்தனத்தில் சாதாரணமாக இருக்கலாம். கோயிலுக்கு வித்துவான்களை அழைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மல்லாரி கேட்காமல் ஒரு நாதஸ்வரக்காரரைத் திருவிழாவுக்கு ஒழுங்கு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திமிரி இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஐரோப்பாவில் பியானோ வந்து ஹார்ப்சிகோர்ட்டை மூலையில் தள்ளிய பிறகு, வாண்டா லாண்டோவ்ஸ்கா போன்றவர்கள் இருபதாம் நூற்றாண்டில் அதை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் பியானோவுக்கு ஒரு குறையும் வரவில்லை. இரண்டும் இருக்கின்றன, கேட்பவருக்கு இலாபம். திமிரிக்கும் அப்படி ஒருவர் வர வேண்டும். நெடுஞ்சாலையோரத்துக் கோயில் வீதியில், ஒலிபெருக்கி இல்லாமல், திமிரியில் ஒரு தேர் மல்லாரியைக் கேட்க எனக்கு ஆசை.

அதற்கு முன் நம்மால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரை விட்டு வந்தவர்களின் பெட்டிகளில் கோயில் கசெட்டுகள் இன்னும் கிடக்கின்றன. வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், டூங்காபி வீடுகளின் கராஜ்களிலும் இருக்கும். ஒலிநாடா நாளாக நாளாகக் கெட்டுவிடும். அவற்றை எடுத்து எண்முறைக்கு மாற்றுங்கள். கோயிலின் பெயர், திருவிழா, திகதி, நாதஸ்வரம் யார், தவில் யார் என்று தெரிந்த மட்டும் எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள். பிரதி ஒன்றை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்குக் கொடுங்கள். அடுத்த கொடியேற்றத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கசெட்டையாவது இப்படி மீட்டுவிட வேண்டும்.